விலையைச் சொல்கிறீர்கள், ஆயுளை ஏன் மறைக்கிறீர்கள்?

மோட்டார் சைக்கிள் இன்று மைனர்களின் உல்லாசப் பொருள் அல்ல. இரவு ஷிப்டு முடிந்து பஸ் இல்லாத வேளையில் வீடு திரும்பும் ஆலைத் தொழிலாளிக்கும், நாலு ஊர் தாண்டி நடவுக்குப் போகும் விவசாயத் தொழிலாளிக்கும் அது கை கால் போன்றது. டயர் தேய்ந்தால் பல நாள் கூலி அதற்கே போய்விடுகிறது.

கடையில் விலையைச் சொல்கிறார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3,000 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 10 பைசா. 2,000 ரூபாய் டயர் 10,000 கிலோமீட்டரில் மொட்டையானால் 20 பைசா! கையில் 2,000 ரூபாய் மட்டும் உள்ளவன்தான் இரட்டிப்பு விலை கொடுக்கிறான். ஆயுளைச் சொல்லாமல் விலையை மட்டும் சொல்வது, படியை மறைத்துக்கொண்டு நெல் அளப்பதுதான்.

"ரஸ்தா, பாரம், காற்று எல்லாவற்றையும் பொறுத்தது" என்கிறார்கள் முதலாளிகள். காற்றுக் குறைந்தால் டயர் சூடேறி ஓரம் தேயும் என்பது நமக்கும் தெரியும். கார் டயருக்கு மட்டும் ரஸ்தாவும் பாரமும் கிடையாதா? அமெரிக்காவில் கார் டயரின் பக்கத்தில் தேய்மான எண் பொறிக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஒரே பாதையில் மாதிரி டயரோடு சேர்த்து ஓட்டி ஒப்பிடுகிறார்கள். மாதிரிக்கு 100, அதைப்போல் இரு மடங்கு உழைப்பதற்கு 200. ஆகவே அளக்க முடியாது என்பது வெறும் சாக்கு! ஆனால் அங்கேயும் மோட்டார் சைக்கிள் டயருக்கு இந்த விதி இல்லை.

இங்கோ, இரு சக்கர வண்டியின் டயர் பட்டன் ஆழம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. குறைந்தால் குற்றவாளி ஓட்டுபவன். சீக்கிரம் தேயும் டயரை விற்றவனை யார் கேட்பது? ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்தான், ஆனால் டயர் எத்தனை தூரம் ஓடும் என்று அந்த முத்திரை சொல்வதில்லை.

விலை ஏற்றத்துக்குச் சொல்லும் காரணம் மூலப்பொருள். 2011இல் கிலோ 200 ரூபாய்க்கு மேல் விற்ற ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. கேரளத்திலும் குமரியிலும் சிறு விவசாயி பால் வெட்டாமல் மரத்தை விட்டான். செயற்கை ரப்பருக்கு வேண்டிய கச்சா எண்ணெயும் அப்போது பீப்பாய் 30 டாலருக்குக் கீழே சரிந்தது. டயர் விலை பாதியானதா? ஏறும்போது நம் தலையில். இறங்கும்போது அவர்கள் பெட்டியில்!

பயாஸ் ரக டயர் விலையைக் கூடிப் பேசி ஏற்றியதாக 5 பெரிய கம்பெனிகளுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2018இல் 1,788 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில்தான் வெளியே வந்தது. அதே டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது. தேய்ந்த டயருக்கு அபராதம் ரஸ்தாவிலேயே; கோடிகளுக்கு மட்டும் இத்தனை அவகாசமா?

நாம் கேட்பது தர்மம் அல்ல, நியாயம். ஒவ்வொரு டயரிலும் தேய்மான எண்ணைப் பொறி! கெட்டி ரப்பர் நீடித்து உழைத்தாலும் மழையில் வழுக்கும். ஆகவே ஈர ரஸ்தாவில் பிடிக்கும் தரத்தையும் சேர்த்துப் பொறி! 2025 செப்டம்பரில் வரி 28 சதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததே, அந்தக் குறைப்பு முழுவதும் வாங்குபவனுக்கு வந்ததா என்று சர்க்கார் கணக்குக் கேட்கட்டும்!

தோழர்களே, டயர் வாங்கும்போது பக்கத்தில் உள்ள நாலு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பழைய சரக்கைத் திருப்பிக் கொடுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். தனியாகக் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். சங்கமாகக் கேட்டால் கம்பெனி பதில் சொல்லும்!