கடிதம் நம்முடையது, பூட்டு யாருடையது?

ஆலைத் தொழிலாளியிடமும் விவசாயத் தொழிலாளியிடமும் கம்ப்யூட்டர் சமாச்சாரம் பேசுவானேன் என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது.

போனஸ் பேச்சுக்கு நிர்வாகம் தேதி எழுதுவதும், கூலி பாக்கி மனுவுக்கு அதிகாரி பதில் தருவதும் இன்று பெரும்பாலும் மின்னஞ்சலில்தான். முன்பெல்லாம் சங்கத்தின் தஸ்தாவேஜுகள் டிரங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டியும் நம்முடையது, சாவியும் நம்மிடம். இப்போது?

சென்ற ஆண்டு சங்க ஆபீசுக்கு வேறு கம்ப்யூட்டர் வந்தது. அதில் வேறு அஞ்சல் புரோகிராம். ஏழு வருஷக் கடிதங்களை மாற்றப் போனால், பழைய புரோகிராம் அவற்றைத் தனக்கு மட்டுமே புரியும் பாஷையில் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது! புதியது அதைப் பிரிக்க மறுக்கிறது. எழுதியது நாம், படிக்க வேண்டியதும் நாம். நடுவே பூட்டுப் போடக் கம்பெனிக்காரன் யார்? உழுது அறுத்தவன் நெல்லைத் தன் மரக்காலால்தான் அளப்பேன் என்று களத்தில் நின்ற மிராசுதாரின் நியாயம்தான் இது. வெளியேறும் வழி கரடுமுரடாக இருந்தால் வாடிக்கைக்காரன் வெளியேற மாட்டான் என்பது அவர்கள் கணக்கு.

அவசரப்பட்ட இளந்தோழர் ஒருவர் ஒவ்வொரு கடிதத்தையும் புது விலாசத்துக்கு 'ஃபார்வர்டு' செய்யத் தொடங்கினார். தடுத்தோம். அப்படி அனுப்பினால் அனுப்பியவர் பெயர் நம்முடையதாகிவிடும், தேதி இன்றைய தேதியாகிவிடும். நிர்வாகத்தின் வக்கீலுக்கு அது போதாதா?

கடைசியில் இரண்டு புரோகிராம்களையும் ஒரே கணக்கில் 'ஐமேப்' முறையில் இணைத்து, பழையதிலிருந்து சர்வருக்கு ஏற்றி, புதியதில் இறக்கினோம். இரண்டு ராத்திரி ஆயிற்று. கடிதங்களை எண்ணிச் சரிபார்த்து, இணைப்புகளைத் திறந்து பார்த்த பிறகே பழைய கம்ப்யூட்டரை விட்டோம்.

பூட்டில்லாத பெட்டியும் உண்டு. 'எம்பாக்ஸ்' என்பது கடிதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் சாதாரண எழுத்துக் கோப்பு. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமல்ல. இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்டு அதில்தான் சேமிக்கிறது. ஜிமெயில் கடிதங்களையும் கூகிளின் 'டேக்அவுட்' வழியாக அதே வடிவில் வாங்கலாம்.

ஆனால் வழி தெரிந்தவன் தப்புவது உரிமையாகாது. தன் விவரங்களை வேறிடம் கொண்டு செல்லும் உரிமை ஐரோப்பிய யூனியனில் 2018 மே முதல் சட்டமாக இருக்கிறது. நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு மசோதாவில் அந்த உரிமை இருந்தது. 2023ல் நிறைவேறிய சட்டத்தில் அதைக் காணோம்! யாருக்காக நீக்கினார்கள்? அந்த உரிமையைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பதைத் தொழிற்சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுத வேண்டும்.

அதுவரை ஆலை கொடுத்த விலாசத்தில் சங்கக் கடிதம் ஒன்றுகூட வைக்காதீர்கள். டிஸ்மிஸ் ஆன அன்றே அந்தக் கதவு சாத்தப்படும். அடுத்த கூலிப் பேச்சு தொடங்குமுன் ஒவ்வொரு கிளையும் தன் கடிதங்களை எம்பாக்ஸில் எடுத்து, இரண்டு இடங்களில் வைக்கட்டும். ஒன்று பொருளாளர் வீட்டில் இருக்கட்டும்.