கிணறு வெட்டுமுன் பீலியைப் பாருங்கள்

 

மர்ஹூமான வாப்பாவின் பெயரில், உம்மாவின் பெயரில் வெள்ளம் பாதித்த ஊரொன்றில் ஒரு கிணறு வெட்டிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நம் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. நல்ல எண்ணம். தாயை இழந்த ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள் எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தண்ணீரையே சொன்னார்கள். அவர்களும் கிணறு தோண்டித் தாயின் பெயரில் விட்டார்கள். ஆனால் அது மதீனாவின் மண். கலஹாவின் மண் வேறு.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எல்லா மாவட்டங்களிலும் அதிகமான மரணங்கள் கண்டி மாவட்டத்தில்தான். மகாவலிக் கரையில் வெள்ளம், மலையில் மண்சரிவு. "வெள்ளம் பாதித்த கிராமம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆற்றங்கரையில் இருப்பவரின் கஷ்டமும் மலைச்சரிவில் இருப்பவரின் கஷ்டமும் ஒன்றல்ல.

பேராதனையிலிருந்து கலஹாப் பாதையில் ஏறினால் இரு பக்கமும் தேயிலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலையை நட்ட லூல்கந்துர தோட்டமும் இந்தப் பக்கத்து மலையில்தான். இம்மாதிரித் தோட்டங்களின் லயங்களுக்குப் பெரும்பாலும் கிணறு கிடையாது. மேலே ஓர் ஊற்று, அதைக் கட்டி ஒரு தொட்டி, அங்கிருந்து பைப், கீழே பீலி. மண் சரியும்போது முதலில் போவது அந்தப் பைப்பும் தொட்டியும். சில இடங்களில் ஊற்றே இடம் மாறிவிடும், அல்லது சேறாக வரும். நிவாரண லொறியில் போத்தல் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? அதன் பிறகு குடத்தோடு சரிவில் ஏறி இறங்குவது பெண்களும் பிள்ளைகளும்தான்.

இங்கே போய்க் கிணறு வெட்டுகிறோம் என்று சரிவை வெட்டினால் உதவி உபத்திரவமாகலாம். ஏற்கெனவே நீர் ஊறிய சரிவை மேலும் தோண்டுவதும், தொட்டியில் வழியும் நீரை அப்படியே மண்ணில் விடுவதும் அடுத்த சரிவுக்கு வழி செய்யும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தாரின் ஆலோசனை இல்லாமல் ஒரு மண்வெட்டியும் விழக்கூடாது. பல இடங்களில் தேவைப்படுவது ஊற்றைச் சுற்றி ஒரு சுவர், மூடிய தொட்டி, நல்ல பைப், வழியும் நீருக்குச் சீமெந்துக் கான், அவ்வளவுதான். பெயர்க்கல் வைத்துப் படம் பிடிக்க அதில் அழகாக ஒன்றும் இராது.

பள்ளத்தில், வயலோரத்தில் கிணறுகள் ஏற்கெனவே உண்டு. அங்கே புதுக் கிணற்றைவிட வெள்ளம் புகுந்த பழைய கிணற்றைக் கழுவிக் கொடுப்பதே முந்திய தேவை. இதற்கும் அவசரம் ஆகாது. சுற்றியுள்ள நிலத்தில் நீர் வற்றுமுன் கிணற்றை முழுக்க இறைத்தால் வெளி அழுத்தத்தில் சுவர் உள்ளே விழும். பெற்றோல் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது, அதன் புகையால் உள்ளே இறங்கியவரின் உயிர் போகும். இறைத்து, சேற்றை எடுத்து, சுவரைத் தேய்த்து, குளோரின் இட வேண்டும். அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்வார். அவர் சரி என்று சொல்லும்வரை கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். மலசலகூடக் குழியிலிருந்து 30 மீற்றராவது தள்ளியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

2004 சுனாமிக்குப் பின் நம் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளை நல்ல மனதோடு திரும்பத் திரும்ப இறைத்தார்கள். அடியிலிருந்த உப்புநீர் மேலேறி, சில கிணறுகள் இன்னும் மோசமாயின. வங்காள தேசத்தின் கதை இதைவிடப் பெரிது. வயிற்றோட்டத்திலிருந்து பிள்ளைகளைக் காக்க 1970களில் லட்சக்கணக்கில் குழாய்க் கிணறுகள் போட்டார்கள். அந்த நீரில் ஆர்சனிக் நஞ்சு இருப்பது 1993இல்தான் அங்கே தெரியவந்தது. தண்ணீரைப் பரிசோதித்த காகிதம் கையில் வருமுன் எந்தக் கிணற்றையும் திறந்துவைக்க வேண்டாம்.

ஹாரூன் ரஷீதின் மனைவி ஸுபைதா அம்மையார் மலையூற்றுகளிலிருந்து மக்காவுக்குக் கால்வாய் கொண்டுவந்தார். அவர் 831இல் மறைந்தார். கால்வாய் தூர்ந்தது, பலமுறை செப்பனிடப்பட்டது. 16ஆம் நூற்றாண்டில் பெரும் பொருள் கொடுத்து அதைச் சீராக்க வைத்தவரும் ஒரு பெண், உதுமானிய இளவரசி மிஹ்ரிமா. முதலில் கட்டியவரின் பெயர் நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டாமவரை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

ஆகவே நிதி கேட்டு வருபவரிடம் சற்றுத் துருவிக் கேளுங்கள். நிலம் யாருடையது? லயத்து மனிதருக்குக் காலடி மண்ணும் சொந்தமில்லை, எனவே தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும். தனியார் வளவுக்குள் கட்டினால் நாளை கேற்றுக்குப் பூட்டு விழும். ஒரு பீலிக்கு எத்தனை பேர்? அனர்த்த காலத்திற்கு உலக அளவில் ஏற்ற கணக்கு ஒரு குழாய்க்கு 250 பேர், திறந்த கிணற்றுக்கு 400 பேர். அடுத்த மழைக்குப் பின் தொட்டியைக் கழுவுவது யார்? அந்தக் கூலிக்கும் பைப் துண்டுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறதா? கலஹா லயங்களில் இருப்போர் பெரும்பாலும் முஸ்லிமல்லாதவர்கள். இந்தப் பீலி யாருக்கு என்ற கேள்வி எழுவதற்கே இடம் வைக்காதீர்கள்.

இன்னொன்று. பொதுக் கிணறு கட்ட ஸகாத் பணத்தைக் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஸகாத் அதற்குரியவரின் கையில் உடைமையாகச் சேர வேண்டும் என்பதால் கூடாது என்பதே பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர்களின் கருத்து. ஸதகாவாகக் கொடுத்தால் அந்தக் கேள்வியே இல்லை.