மனத்தெளிவு வழக்குகளில் கேட்கப்படாத முதல் கேள்வி

திருமங்கலம்–கொல்லம் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகிய இரு ஊர்கள் வழியாகவும் செல்கிறது. நான்குவழிச் சாலை வரும் இடமெங்கும் நிலத்தின் விலை ஏறுவது இயல்பு. விலை ஏறும்போது பழைய உயில்களும், முதியவர்களிடமிருந்து பெறப்பட்ட கைநாட்டுகளும் நீதிமன்றப் படியேறுகின்றன. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. இத்தகைய வழக்குகளில், "எழுதிக் கொடுத்தவர் அன்று புத்தி சுவாதீனத்துடன் இருந்தாரா?" என்ற கேள்வியிலேயே ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. தலித் குடும்பத்தின் நிலமாக இருந்தால், அதற்கு முன்பே கேட்கவேண்டிய வேறொரு கேள்வி இருக்கிறது.

மனத்தெளிவு குறித்துச் சட்டம் சொல்வதை முதலில் பார்ப்போம். இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 59ஆவது பிரிவின்படி, தெளிந்த மனநிலையுள்ள எவரும் தம் சொத்துக்கு உயில் எழுதலாம். மனநோயாளியும் தெளிவுள்ள இடைவேளையில் எழுதலாம். இங்கிலாந்தில் 1870இல் தீர்ப்பளிக்கப்பட்ட பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ வழக்கு வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. தாம் செய்வது என்ன, தம் சொத்து எவ்வளவு, அதில் யாருக்கெல்லாம் நியாயமான உரிமை உண்டு என்பதை எழுதுபவர் உணர்ந்திருக்க வேண்டும். ஐயத்துக்குரிய சூழல் இருந்தால், அந்த ஐயத்தை நீக்கும் பொறுப்பு உயிலை முன்வைப்பவருக்கே உரியது என்று வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

கோட்பாடு நேர்மையானது. நடைமுறையோ வசதியுள்ளவருக்குச் சாதகமானது. மருத்துவக் குறிப்பேடு, சிறப்பு மருத்துவரின் சாட்சியம், இவற்றைத் திரட்டப் பணம் ஆகியவை வேண்டும். கூலி வேலை செய்து மறைந்த ஒரு மூதாட்டிக்குப் பத்தாண்டுக்கு முந்தைய மருத்துவ ஆவணம் எங்கே கிடைக்கும்?

மறுபுறம், "அவள் மனநலம் சரியில்லாதவள், அவளுக்கெதற்குப் பங்கு?" என்று சொல்லி ஒரு பெண்ணின் பெயரே வாரிசுப் பட்டியலிலிருந்து விடுபடுவதும் உண்டு. இது சட்டத்துக்கு முற்றிலும் புறம்பானது. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956இன் 28ஆவது பிரிவு, நோயோ உடற்குறையோ எவருடைய வாரிசுரிமையையும் பறிக்காது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 13ஆவது பிரிவு, சொத்தை வைத்திருக்கவும் மரபுரிமையாகப் பெறவும் அவர்களுக்குள்ள சம உரிமையை உறுதி செய்கிறது. ஆக, "புத்தி சுவாதீனம் இல்லை" என்ற சொல் பங்கைப் பறிக்க ஒருமுறையும், அதே மனிதரிடம் விடுதலைப் பத்திரத்தில் ரேகை வாங்கும்போது மறக்கப்பட வேண்டியதாக மறுமுறையும் கையாளப்படுகிறது.

இனி அந்த முதல் கேள்வி: இந்த நிலம் எப்படிக் குடும்பத்துக்கு வந்தது? செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலங்களை நிபந்தனையுடன் ஒப்படைத்தது. முதல் பத்தாண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே கைமாற்ற முடியும். இந்த நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்பதைச் சென்னை உயர் நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது.

அப்படியானால், தலித் அல்லாதவருக்கு எழுதப்பட்ட கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட்டவர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது செல்லாது. மனநிலையை நிரூபிக்கும் சுமையே அங்கு எழாது. அதற்குத் தேவை மருத்துவர் அல்ல. 'அ' பதிவேடும், ஒப்படைப்பு ஆணையும், வில்லங்கச் சான்றுமே. இவற்றைப் பெறாமல் மனத்தெளிவை மட்டும் வாதிடுவது, எதிர்த்தரப்பு தேர்ந்தெடுத்த களத்தில் போரிடுவதற்கு ஒப்பாகும்.

பட்டா நிலமாகவே இருந்தாலும் வழி அடைபடுவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவு, பட்டியலினத்தவரின் நிலத்தைத் தவறான வழியில் கைப்பற்றுவதைக் குற்றமாக்குகிறது. இசைவின்றிக் கைப்பற்றுவதும், ஆவணங்களைப் புனைவதும் அந்தத் "தவறான வழி"யில் அடங்கும். புரிந்துகொள்ள இயலாத ஒருவரின் ரேகையை இசைவு என்று கொள்ளமுடியாது என்பதே நம் வாதமாக இருக்கவேண்டும். பதிவுச் சட்டம், 1908இன் 35ஆவது பிரிவும், எழுதிக் கொடுப்பவர் சித்த சுவாதீனம் அற்றவராகத் தோன்றினால் பதிவை மறுக்கும் கடமையைச் சார்பதிவாளருக்கு விதிக்கிறது. சார்பதிவாளர் அலுவலகத்திலேயே இக்கடமை நிறைவேற்றப்பட்டிருந்தால் பல வழக்குகள் பிறந்தே இருக்கா.

இன்னொரு இடைவெளியும் உண்டு. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநோயாளியின் சொத்தை நிர்வகிக்க மாவட்ட நீதிமன்றம் மேலாளரை நியமிக்க வழி இருந்தது. அதன் இடத்தில் வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அந்த அத்தியாயம் இல்லை. கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க மனைவியைக் காப்பாளராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் நியமித்தது. ஆனால் அது ரிட் மனு வழியே கிடைத்த நிவாரணம். ராஜபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியின் குடும்பம் ஒவ்வொரு முறையும் மதுரைக் கிளைக்குச் செல்லமுடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வரம்புக்குட்பட்ட காப்பாளரை நியமிக்கும் அதிகாரத்தை மாவட்ட நீதிமன்றத்துக்கு வழங்குகிறது. அவ்வழி ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பரவலாகப் பயன்பாட்டுக்கு வரவேண்டும்.

சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவின்படி, பட்டியலினத்தவர், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவிக்கு உரியவர்கள். அவ்வுதவி வழக்கறிஞரை அமர்த்துவதோடு நின்றுவிடாமல், மருத்துவ மதிப்பீட்டுக்கும் நில ஆவணத் தேடலுக்கும் விரியவேண்டும். உங்கள் குடும்பத்தில் யாரிடமாவது ரேகை கேட்டு வருகிறார்கள் என்றால், பத்திரத்தைப் படிப்பதற்கு முன் நிலத்தின் ஒப்படைப்பு ஆணையைத் தேடுங்கள்.