திறப்பைத் திருப்புவதற்கு முன்

கனடாவின் போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கு,



மே மாத நீண்ட வாரக்கடைசி நெருங்குகிறது. ஒன்ராறியோ வீடுகளின் பின்வளவுகளில் தார்ப்பாய்க்குள் வருடக்கணக்கில் கிடந்த படகுகளை இனி ஏரிக்கு இழுத்துப்போவார்கள். அவற்றில் சிலவற்றின் எஞ்சினை முதலில் ஓட்டிப் பார்க்கப்போகிறவர் போன கிழமைதான் படகை வாங்கியவராக இருப்பார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மயிலிட்டிக் கரையில் வளர்ந்தவன். எங்கள் படகுகளில் பூட்டியிருந்தவை மண்ணெண்ணெய் எஞ்சின்கள். பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். எஞ்சின் படகுக்கு வெளியே தொங்கும். ஆவி எழும்பினால் கடற்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தப் பழக்கத்தோடுதான் சில வருடங்களுக்கு முன் ஸ்காபரோவில் ஒரு பழைய ஸ்டெர்ன்டிரைவ் படகை வாங்கினேன். மேர்குரூசர், 3.0 லீற்றர், நான்கு சிலிண்டர். இதில் எஞ்சின் படகுக்குள்ளே ஒரு பெட்டியில் இருக்கும். பின்பலகைக்கு வெளியே இறங்கும் கால் மட்டும்தான் தண்ணீரில் நிற்கும். மூடியைத் திறந்தால் கார் எஞ்சின் போலவே தெரியும். அதன் அடிக்கட்டை ஜெனரல் மோட்டர்ஸ் வார்த்ததுதான். அப்படித் தெரிவதால்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்.

காரில் பெற்றோல் ஒழுகினால் றோட்டில் விழும். படகின் அடியில் ஓட்டை இல்லை. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. அடித்தளத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஸ்ராட்டரில் ஒரு பொறி போதும். உங்கள் சிறுகல ஒழுங்குவிதிகளுக்கு இது நன்றாகத் தெரியும். உள்ளே பெற்றோல் எஞ்சின் உள்ள படகில், ஒவ்வொரு முறையும் எஞ்சினைத் தொடங்குமுன் ஆவியை வெளியேற்றும் ப்ளோவரை 4 நிமிடம் ஓடவிட வேண்டும், அதை எச்சரிக்கும் அறிவித்தல் ஒட்டியிருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. நல்ல விதி. என் படகில் அந்த அறிவித்தல் வெயிலில் வெளுத்து வெறும் மஞ்சள் தாளாகியிருந்தது.

விற்றவர், "இரண்டு கோடை ஓடவில்லை, புது பற்றரி போட்டால் சரி" என்றார். அன்று பின்னேரமே பற்றரி வாங்கி வந்தேன். பற்றரி வைக்கிற இடம் எஞ்சின் பெட்டிக்குள் என்பதால்தான் மூடியைத் திறந்தேன். மணம் முகத்தில் அடித்தது. பெற்றோல் குழாய் வெடித்து, கார்புரேற்றரின் கீழே ஈரமாக இருந்தது. பற்றரி வேறெங்காவது இருந்திருந்தால் மூடியைத் திறக்காமலே திறப்பைத் திருப்பியிருப்பேன்.

அடுத்த நாள் வெளிச்சத்தில் பார்த்தபோது இன்னும் சில தெரிந்தன. ப்ளோவரின் சுவிட்ச் வேலை செய்தது, வயர் அறுந்திருந்தது. ஆல்ரனேற்றர் காரினுடையது. படகுக்கென்று செய்த ஆல்ரனேற்றரும் ஸ்ராட்டரும், உள்ளே எழும் பொறி வெளியே உள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்யப்பட்டவை; விலையும் கூட. காரினுடையதில் அந்தக் காப்பு இல்லை. பூட்டினால் இரண்டும் ஒன்றுபோலவே பொருந்தும், ஒன்றுபோலவே ஓடும். யாரோ ஒருவர் காசை மிச்சம் பிடித்திருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பழைய படகு வாங்குகிறவர் பணக்காரர் அல்ல.

படகை ஓடவைக்க எனக்கு ஐந்து கிழமை பிடித்தது. பழைய பெற்றோலை இறைத்து, அபாயக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்தேன். ஒயில் பால்நிறமாக இருக்கிறதா என்று பார்த்தேன். இலையுதிர்காலத்தில் எஞ்சினுக்குள் நிற்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டால் அது உறைந்து 9 சதவீதம் பருக்கும். வார்ப்பிரும்பு வெடித்துவிடும், பிறகு தண்ணீர் ஒயிலோடு கலக்கும். நல்லகாலம், ஒயில் தெளிவாக இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களுக்குள் கொஞ்சம் ஒயில் விட்டு, எஞ்சினைக் கையால் சுற்றினேன். உள்ளே தண்ணீர் நின்றால் அது அமுங்காது; அப்படியே ஸ்ராட்டரை அடித்தால் உள்ளுறுப்பு வளையும். காலுக்குள் இருந்த தண்ணீர்ப் பம்பின் றப்பர்ச் சக்கரத்தில் மூன்று இதழ்களைக் காணவில்லை. எஞ்சின் சூடேறுவது அப்படித்தான். பின்பலகையில் காலைச் சுற்றியிருக்கும் றப்பர்த் துருத்தியை விரலால் அமுக்கினேன், கீறல் விரிந்தது. அது கிழிந்தால் ஏரி படகுக்குள் வரும்.

இவ்வளவையும் சரிசெய்து முடித்த பிறகுதான் வெட்டவெளியில், காலில் தண்ணீர்க் குழாய் கவ்வியைப் பூட்டி, மூடியைத் திறந்துவைத்து, ப்ளோவரை 4 நிமிடம் ஓடவிட்டு, குனிந்து மணந்து பார்த்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறப்பைத் திருப்பினேன்.

அமைச்சர் அவர்களே, ஒன்ராறியோவில் பழைய காரை வாங்கி றோட்டில் ஓட்ட, பாதுகாப்புத் தராதரச் சான்றிதழ் வேண்டும். அது மாகாணத்தின் சட்டம். படகு மத்திய அரசின் பொறுப்பு, அதாவது உங்கள் பொறுப்பு. நான் வாங்கியபோது விற்பனைச் சீட்டும் உரிம மாற்றமும் போதுமாயிருந்தன. 2009 செப்ரெம்பர் 15 முதல் மோட்டர் படகு ஓட்டும் எல்லோரிடமும் தகைமைச் சான்று இருக்க வேண்டும். அதற்கான அட்டையை நானும் எடுத்தேன். ஆயுள் முழுவதும் செல்லும். அதற்குப் படித்தபோது 4 நிமிடத்தைப் பற்றிப் படித்தேன். ஆனால் ஓட்டுகிறவரைச் சோதிக்கும் அட்டைக்கு அறுந்த வயர் தெரியாது. இறங்குதுறைகளில் தொண்டர்கள் இலவசமாகப் படகைப் பார்த்துக் கொடுப்பதும் உண்டு, அவர்களுக்கு நன்றி. ஆனால் என் பயமெல்லாம் பின்வளவில் முதல்முறை திறப்பைத் திருப்பும் அந்தக் கணத்தைப் பற்றித்தான்.

நான் கேட்பது ஒன்றே. உள்ளே பெற்றோல் எஞ்சின் உள்ள படகு கைமாறும்போது, தகுதியுள்ள படகு மெக்கானிக் ஒருவர் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள் கட்டாயமாக வேண்டும். பெற்றோல் குழாய், ப்ளோவர், கார்புரேற்றரின் தீத்தடுப்பான், மின் உறுப்புகள், துருத்தி: இவ்வளவும் பார்க்க ஒரு பின்னேரம் போதும். செலவு கூடும் என்பார்கள். அந்தச் செலவை விற்பவரிடம் வாங்குங்கள். வாங்குகிறவர் தலையில் போடாதீர்கள்.

என் படகையும் இப்போது விற்க வைத்திருக்கிறேன். போன ஞாயிறு ஒரு தம்பி இரண்டு பிள்ளைகளோடு வந்து பார்த்தார். பிள்ளைகள் நேரே பின்பக்க மெத்தையில் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். எஞ்சின் பெட்டியின் மூடிதான் அந்த மெத்தை. தம்பி கேட்டது ஒரு கேள்விதான்: "அண்ணை, ஓடுமோ?" பிள்ளைகளை இறக்கிவிட்டு, மூடியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். தாள் எதையும் அவர் கேட்கவில்லை. கேட்பதற்கு அப்படியொரு தாள் இன்னும் இல்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு படகுக்காரன்