இனிஷியல் விழுங்கிய தாத்தா

அம்பத்தூரில் உங்கள் வீட்டு வாசலில் "மு. வேலாயுதம்" என்று பலகை தொங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 'மு' என்பது தகப்பனார் முத்துசாமி. உங்கள் பிள்ளைக்கு இனிஷியல் 'வே'. அத்தோடு முத்துசாமி மறைந்தார்!

கடல் கடந்த முத்துசாமிகள் அப்படி மறையவில்லை. 1854-ல் புதுச்சேரியிலிருந்து 'ஒரேலி' என்ற கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்காகத் தமிழர்களை குவாதலூப் தீவில் கொண்டு போய் இறக்கியது. பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி அவர்கள் பெயரே குடும்பப் பெயராகி, தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. அத்தீவின் எழுத்தாளர், பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அங்கம் வகித்தவர், எர்னஸ்ட் மூத்தூசாமி. நம் முத்துசாமிதான், சார்! ஆப்பிரிக்க, ஐரோப்பிய ரத்தம் கலந்த குடும்பங்கள் அங்கே அநேகம். வீட்டுப் பேச்சு கிரியோல். தமிழ் போயிற்று, பெயர் போகவில்லை.

மொரீஷியஸ் போனவர்களுக்கு இன்னும் அதிர்ஷ்டம். தகப்பன் பெயர், ஜில்லா, கிராமம் எல்லாம் எழுதிய பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பத்திரமாக இருக்கின்றன.

நாளை அங்கிருந்து ஒருவர் பூந்தமல்லியில் வந்து இறங்கி, "எங்கள் பாட்டனாரின் தம்பி வம்சம் எது?" என்று கேட்டால், யார் பதில் சொல்வது? உங்கள் கொள்ளுத் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்!