சர்க்கரை இல்லாத கலர்: டயட்டா, ஸீரோவா?

சகோதரிகளே, "ரெண்டிலேயும்தான் சர்க்கரை இல்லையே, அப்புறம் ருசியில என்ன வித்தியாசம்?" என்று கேட்பவர்கள், டயட் கோக்கையும் கோக் ஸீரோவையும் ஜில்லென்று வைத்து அடுத்தடுத்து ஒரு வாய் குடித்துப் பாருங்கள். 1982-ல் அமெரிக்காவில் வந்த டயட் லேசானது. புளிப்பு கொஞ்சம் தூக்கல். 2005-ல் வந்த ஸீரோவைச் சாதாரண கோக் மாதிரியே இருக்கட்டும் என்று செய்தார்கள். சர்க்கரை வியாதிக்காரரான எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டே, "இதுதான் பழைய ருசி" என்று ஸீரோவைத் தொட்டார். எனக்கென்னவோ இரண்டுமே குடித்த பிறகு நாக்கில் அசட்டுத் தித்திப்பாகத் தங்குகிறது. இனிப்புக்குச் சேர்க்கிற அஸ்பார்ட்டேம் செய்கிற வேலை அது! சூட்டில் கிடந்தால் அந்தத் தித்திப்பும் குறைந்துவிடும். வெயிலில் அடுக்கிய பாட்டிலை வாங்காதீர்கள், தேதியையும் பாருங்கள்.

330 மில்லி சாதாரண கோக்கில் 35 கிராம் சர்க்கரை, அதாவது ஏழு டீஸ்பூன்! அதைப் பார்க்கும்போது, சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு விசேஷ நாளில் ஒரு டம்ளர் ஸீரோ எவ்வளவோ தேவலை. ஆனால் 'இளைக்கலாம்' என்று தினமும் குடிக்க வேண்டாம். எடை குறைக்க இந்த இனிப்புகளை நம்பாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனமே 2023-ல் சொல்லியாயிற்று. இரண்டிலும் காஃபீன் வேறு இருக்கிறது. குழந்தைகள் கேட்டால் நீர்மோர் கலந்து கொடுங்கள்.