ஆட்டம் நம் கையிலா, பொறியின் கையிலா?

விளையாட்டைச் சிறு செய்தி என்று தள்ளுவோர் உளர். மொழியும் நாடும் இத்துணை நெருக்கடிகளைத் தாங்கி நிற்கும் வேளையில், பல்லாங்குழியையும் தாயத்தையும் பற்றி ஆசிரியவுரை எழுத வேண்டுமா என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வேண்டும் என்பதே நம் விடை. ஒரு மக்களினம் தன் ஓய்வுப் பொழுதை எவர் கையில் ஒப்படைக்கின்றதோ, அவர் கையிலேயே தன் பிள்ளைகளையும், தன் சொற்களையும், தன் காசையும் சேர்த்து ஒப்படைத்து விடுகின்றது.

திருவண்ணாமலையினின்று செஞ்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் உள்ளது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மணிலாவும் விளையும் சிற்றூர்கள் பலவற்றுக்கு அது நடுவூர். இத்தகைய ஊர்களில் முன்னெல்லாம் கோடை விடுமுறை என்றால் திண்ணைகள் நிறைந்திருக்கும். ஒரு புறம் புளியங்கொட்டைகள் குழிதோறும் விழும் ஓசை. மறுபுறம் பித்தளைத் தாயக்கட்டைகள் உருளும் ஓசை. கோயில் கல்தளத்தில் கோடு கிழித்து ஆடும் புலியும் ஆடுவோரின் ஆரவாரம். இன்று அதே திண்ணையில் நான்கு சிறுவர் அமர்ந்திருப்பின், நால்வர் கையிலும் நான்கு கைப்பேசிகள். தோளோடு தோள் உரச இருந்தும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கார். இது கீழ்பென்னாத்தூருக்கு மட்டும் நேர்ந்த நிலையன்று; தமிழகத்தின் ஊர்தோறும் காணும் காட்சியே.

இவ்வாட்டங்கள் நேற்று முளைத்தவை அல்ல. 'வல்' என்பது பழந்தமிழர் ஆடிய பலகையாட்டம். அச்சொல்லின் முன் 'நாய்', 'பலகை' என்னும் சொற்கள் வந்தால் வல்லநாய், வல்லப்பலகை எனவும் வழங்கும் என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் தனியே முறை வகுக்கின்றது. இங்கு நாய் என்றது காவல் விலங்கையன்று, ஆட்டக்காயை. இலக்கணம் தனி நூற்பா வகுத்துக் காக்கும் அளவுக்கு அவ்வாட்டம் அன்று மக்கள் நாவில் வழங்கியிருக்கின்றது. மதுரைக்கு அருகே கீழடியில் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் யானைக்கோட்டாற் செய்த கவறுகளும், சுடுமண் ஆட்டக்காய்களும், வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. நெசவுக் கருவியும் எழுத்துப் பொறித்த பானையோடும் கிடைத்த அதே மண்ணில் ஆட்டக்காயும் கிடைத்தது. உழைத்தவன் எழுதினான், எழுதியவன் ஆடினான்.

புறநானூற்றின் 52-ஆம் பாட்டில் மருதன் இளநாகனார் ஒரு காட்சியைக் காட்டுகின்றார். நரைத்த முதியோர் மன்றத்தில் அமர்ந்து காய் வைத்து ஆடி ஆடிக் குழிந்துபோன இடம். பகைவன் படையெடுப்பால் ஊர் பாழாகி விட்டது. முதியோரும் இல்லை, ஆட்டமும் இல்லை. காய்கள் கிடந்த குழியில் காட்டுக்கோழி முட்டையிட்டிருக்கின்றது. ஊர் அழிந்ததைக் கூறுவதற்கு, எரிந்த வீட்டையும் இடிந்த மதிலையும் விட, ஆள் இல்லாத ஆட்டக்களமே அப்புலவருக்குத் தகுந்த சான்றாகத் தோன்றியது. இன்று எப்படையும் நம் ஊருக்குள் புகவில்லை. ஆயினும் நம் வீட்டுப் பரண்களில் பல்லாங்குழிப் பலகைகள் தூசி நிறைந்து கிடக்கின்றனவே! இதற்கு நாம் எந்தப் பகைவனைக் குறை கூறுவது?

பழைய ஆட்டங்கள் என்ன கற்பித்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பல்லாங்குழியில் பக்கத்திற்கு ஏழாகப் பதினான்கு குழிகள். கையில் அள்ளிய காய்களை ஒவ்வொன்றாய் இட்டுச் செல்ல வேண்டும். கை வெறுமையானதும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அடுத்தது வெறுங்குழியாயின் அதனைத் துடைத்து, அதற்கடுத்த குழியின் காய்களைத் தனதாக்கலாம். எழுத்தறியாப் பாட்டி கூடக் குழியை ஒரு முறை நோக்கிய அளவிலேயே எங்குத் தொடங்கினால் எங்கு முடியும் என்று கணக்கிட்டாள். தாயத்திலோ, தாயம் விழாமல் காய் இறங்காது. ஆதலின் பொறுமை பிறந்தது. வெட்டுண்ட காய் மீண்டும் முதலிலிருந்து புறப்பட வேண்டும். ஆதலின் தோல்வியைத் தாங்கும் உரம் பிறந்தது. ஆட்டம் முடிந்தபின் புளியங்கொட்டைகள் அனைத்தும் ஒரே கிண்ணத்திற்குத் திரும்பின. வென்றவள் செல்வம் சேர்த்ததும் இல்லை. தோற்றவள் கடன்பட்டதும் இல்லை.

கைப்பேசியாட்டத்தின் அமைப்பு வேறு. அதன் நெறிகளை வகுப்பவன் எங்கோ இருக்கும் நிறுவனத்தான். அவன் விரும்பிய நாளில் நெறியை மாற்றுவான். ஆடுவோனைக் கேட்க மாட்டான். ஒரு நிலை முடிந்தால் மறுநிலை. அது முடிந்தால் இன்னொன்று. ஆட்டம் முடியாமலிருப்பதே அவனுக்கு ஊதியம். நடுவே உடையும் படைக்கலமும் காசுக்கு விற்கப்படுகின்றன. சிறுவன் உறங்கப் போனாலும் கைப்பேசி ஒலியெழுப்பி அழைக்கின்றது. பாட்டியின் பல்லாங்குழி எந்நாளாவது நள்ளிரவில் பெயர்த்தியை எழுப்பியதுண்டா?

காசு வைத்து ஆடும் இணைய ஆட்டங்களோ இன்னும் கொடியன. காசிழந்து கடன்பட்டு உயிரையே மாய்த்துக் கொண்டோர் செய்திகள் தமிழகத்தை உலுக்கின. அவற்றைத் தடுக்கத் தமிழ்நாட்டரசு 2021-இல் இயற்றிய சட்டத்தைச் சென்னை உயர்முறைமன்றம் அவ்வாண்டே தள்ளியது. 2022-இல் மீண்டும் இயற்றிய சட்ட வரைவை ஆளுநர் திருப்பியனுப்பினார். 2023-இல் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றிய பின்னரே ஒப்புதல் கிடைத்தது. அவ்வாண்டின் இறுதியில், இரம்மியும் போக்கரும் திறனாட்டங்களே என்று கூறி அவற்றின் மீதான தடையை உயர்முறைமன்றம் நீக்கியது. நள்ளிரவு 12 மணி முதல் விடியல் 5 மணி வரை காசாட்டம் கூடாது என்னும் நெறியை 2025-இல் அதே மன்றம் ஏற்றது. அவ்வாண்டிலேயே இந்திய நாடாளுமன்றமும், திறனாட்டம் நல்லூழாட்டம் என்னும் வேறுபாடின்றி, இணையக் காசாட்டங்களை விலக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. ஒரு மாந்தன் எப்பொழுது உறங்க வேண்டும் என்பதை அரசு நெறி வகுத்துக் கூற வேண்டிய நிலைக்கு ஓர் ஆட்டம் நம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது!

"பழையவை எல்லாம் தூயவையா? அன்றும் சூது இல்லையா?" என்று சிலர் மடக்குவர். இருந்தது. மறுப்பார் யார்? இருந்தமையாலன்றோ திருவள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்துக் கவறையும் கழகத்தையும் கடிந்தார்! கேடு பலகையிலும் இல்லை, பொறியிலும் இல்லை. ஆடுவோனை ஆட்டமே ஆளத் தொடங்கும் இடத்தில் இருக்கின்றது. ஆகலின் பொறி என்பதற்காகவே பொறியை வெறுத்தல் அறிவுடைமை ஆகாது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஆனைக்குப்பு என்று நம் முன்னோர் வழங்கிய ஆட்டமே. 2024-இல் சிங்கப்பூரில் சென்னை இளைஞர் குகேசு தம் 18-ஆம் அகவையில் உலக முதல்வராக வாகை சூடினார். இன்று அவ்வாட்டத்தில் கணிப்பொறித் துணையின்றி உயர்நிலை எய்துவார் அரியர். ஆயினும் குகேசு தம் வளர்ச்சிக் காலத்தில் நெடுநாள் கணிப்பொறியைத் துணைக்கொள்ளாமல் தம் மூளையாலேயே காய் நகர்த்திப் பயிற்றுவிக்கப்பட்டார். பெருந்தேர்ச்சி பெற்ற பின்னரே பொறியை நாடினார். முதலில் பலகை, பின்னர்ப் பொறி. முதலில் தன்னறிவு, பின்னர்த் துணையறிவு. இவ்வரிசை பிறழ்ந்தால் பொறி ஆசானாகவும் மாந்தன் அதன் ஏவலனாகவும் ஆகிவிடுவர்.

சொல்லிழப்பும் இங்கு எண்ணத்தக்கது. ஆட்டம் மறையும்பொழுது அதன் சொற்களும் உடன் மறைகின்றன. வல்லநாய் என்றால் இன்று எத்தனை பேருக்கு விளங்கும்? உரை இல்லாவிடின் ஒருவருக்கும் விளங்காது. வல்லு எவ்வாறு ஆடப்பெற்றது என்பதை முழுமையாகக் கூறும் நூலொன்றும் நமக்கு எஞ்சவில்லை. காய், வெட்டு, மலை, குழி, கட்டை, தாயம் என்னும் சொற்களுக்கும் நாளை அந்நிலையே நேரலாம். கைப்பேசியாட்டம் ஆடும் நம் சிறுவன் எழுவதும் வீழ்வதும் ஆங்கிலத்தில். அவனுக்கு வெற்றியை அறிவிக்கும் குரலும் ஆங்கிலம். தோல்வியை அறிவிக்கும் குரலும் ஆங்கிலம். மகிழ்ச்சிக்கும் துயருக்கும் தாய்மொழி வேண்டாத பிள்ளை, பின்னர் எதற்கு அதனை வேண்டுவான்? இவ்விழப்பை முன்னறிந்தவர் போல் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1954-இலேயே தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து நூலாக்கி வைத்தார். அத்தொகுப்பை விரிவாக்க வேண்டியது நம் கடன்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. கிழமைக்கு ஒரு நாள் மாலையில் கைப்பேசிகளை ஒருபுறம் வைத்துவிட்டு வீட்டார் அனைவரும் ஒரு பலகையைச் சூழ்ந்து அமர்க. அதற்குச் செலவென்ன? ஒரு கரித்துண்டும் இருபது புளியங்கொட்டைகளும் போதும். ஊர்தோறும் உள்ள மூதாட்டியரிடம் ஆட்டநெறிகளையும் ஆட்டச் சொற்களையும் கேட்டு, அவர்கள் கூறியவாறே எழுதி வைக்க. ஓரூர் வழக்கு மற்றோரூரில் வேறுபடும், அவ்வேறுபாடும் செல்வமே. பள்ளியாசிரியர்கள் மழைநாள்களில் மாணவர்க்கு ஆடும் புலியும் கற்பிக்க. கணிப்பொறி கற்ற நம் இளைஞர்கள் இவ்வாட்டங்களைத் தமிழ்ச்சொற்களோடும், காசு பறிக்கும் சூழ்ச்சி இன்றியும் கைப்பேசிக்கு ஏற்ப ஆக்குக. கடல் கடந்து வாழும் தமிழ்ப்பிள்ளைகள் இருவர், இரு நாடுகளிலிருந்து தமிழிற் பேசிக்கொண்டே பல்லாங்குழி ஆட அப்பொறி உதவுமாயின், அதனை நாம் ஏன் வேண்டா என்போம்?

ஆடு புலி ஆட்டத்தில் புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டுக்கு வெட்டும் உரிமை இல்லை. தனித்து நின்ற ஆடு வீழும். ஒன்றன்பின் ஒன்றாய் நெருங்கி நின்று இடைவெளியை அடைத்தால் வலிய புலியும் நகர வழியின்றிக் கட்டுண்டு நிற்கும். இத்துணைப் பெரிய உண்மையைக் கல்தளத்தில் கிழித்த சில கோடுகளால் நம் முன்னோர் சிறுவர்க்குக் கற்பித்தனர். இன்று நம் பிள்ளைகள் ஆளுக்கொரு திரையின்முன் தனித்தனியே அமர்ந்துள்ளனர். தாண்டி வெட்டும் நிறுவனப் புலிகளுக்கு இதைவிட வேறு வாய்ப்பு வேண்டுவதில்லை. அவர்களை மீண்டும் ஒரு பலகையைச் சுற்றி அமர்த்துக!